ஐடி தெரிந்தவர் போதுமா? இணையவழிக் கற்கைநெறியை யார் நடத்துவது

யூன் 3, இரவு 9.50

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது அப்படியே: “எங்கள் நிறுவனத்தில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்று இரண்டு மாதத்தில் தொடங்கப் போகிறார்கள். ஐடி நன்றாகத் தெரிந்த ஒருவரை இணைப்பாளராகப் போட்டால் போதும், தலைமைத்துவம் அது இது என்பதெல்லாம் பட்டறை நடத்துகிறவர்களின் பிழைப்பு என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?”

நான் செய்தேன். 2020 முதல் 2023 வரை இங்கே ஒரு சிறிய உயர்கல்வி நிறுவனத்தில் உயர் டிப்ளோமாவுக்கு இணைப்பாளராக இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கீழே குறைகளும் வரும். என் பாடம் கணக்கியல். கணினியில் எக்செல்லைத் தாண்டி எதுவும் தெரியாது.

தம்பி சொன்னதில் பாதி சரி, பட்டறையைப் பற்றிச் சொன்ன பாதி. நானும் ஒரு பட்டறைக்குப் போனேன். பிஸ்கற்றும் தேத்தண்ணீருமாக ஒரு நாள் கழிந்தது. சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கிறது.

மற்றப் பாதி பிழை. ஐடி தெரிந்தவன் எங்களிடமும் இருந்தான். 24 வயதுப் பெடியன், தொழில்நுட்ப உதவியாளர் பதவி. பிள்ளைகள் எந்தப் போனில் படிக்கிறார்கள், எந்தப் பாடத்தைத் திறக்கவே முடியவில்லை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிடுவதில்லை. புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் மட்டும் கூப்பிடுவார்கள். நான் இணைப்பாளராகச் செய்த முதல் வேலை, பாடக்குழுக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு கதிரை போடுவித்ததுதான். அதற்கே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவன் கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னான்: “சேர் போட்ட நோட்ஸ் 48 எம்பி. ஸ்கான் பண்ணின படம். ஒருத்தரும் இறக்கவில்லை.” இரண்டு கிழமையாக நாங்கள் “மாணவர் ஈடுபாடு குறைவு” என்று பேசிக்கொண்டிருந்தது அதைத்தான்.

யூன் 4, காலை

நேற்று எழுதியதைப் படித்தால் நான் ஏதோ பெரிய தலைவி போல இருக்கிறது. முதல் மாதம் நான் செய்த கூத்தையும் சொல்லவேண்டும்.

மூடிலில் (பாடமும் ஒப்படையும் போடுகிற இணையத்தளம்) ஒப்படைக்குக் கெடு வைக்கும்போது திகதியை மட்டும் மாற்றினால் நேரம் 00:00 என்றே நிற்கும். நான் 12ஆம் திகதி என்று போட்டேன். என் மனதில் 12ஆம் திகதி இரவு. மூடிலுக்கு அது 11ஆம் திகதி இரவு 12 மணி. 12ஆம் திகதி பின்னேரம் ஆறுதலாகப் பதிவேற்ற வந்த பிள்ளைகளுக்கு வாசல் பூட்டியிருந்தது. 64 பேரில் முக்கால்வாசிப் பேர் வெளியே. விரிவுரையாளர் ஒருவர் “நேரத்துக்குத் தராதவர்களுக்குப் பூச்சியம், இதுதான் ஒழுக்கம்” என்று எழுதிவிட்டார். பிழை என்னுடையது என்று எல்லாருக்கும் ஒரே செய்தியில் எழுதி, கெடுவை மூன்று நாள் தள்ளினேன். அதிபர் கூப்பிட்டு, “நீங்கள் பிழை என்று எழுதினால் நிறுவனத்துக்குப் பிழை” என்றார். இருக்கட்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள் எனக்குப் பொய் சொல்வது குறைந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா தெரியாது, எனக்கு அப்படித் தோன்றியது.

அதற்குக் கொஞ்சம் பிறகு எங்கள் கெடு எல்லாம் நண்பகல் 12 ஆனது. ஏன் இரவு இல்லை, பகல் என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது. பிறகு.

யூன் 4, மதியம்

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார், சூம் உரிமம் எத்தனை வாங்கினீர்கள் என்று.

ஒன்று. அதுவும் ஆறு மாதம் கழித்து. அதுவரை இலவசக் கணக்கு, 40 நிமிடத்தில் அறுந்துவிடும். உண்மையைச் சொன்னால் எங்கள் நிறுவனத்தில் அந்த 40 நிமிடத்தைப் போல நல்ல நிர்வாகி யாரும் இருந்ததில்லை. இரண்டு மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசுகிறவர்களையும் அது எழுப்பி அனுப்பியது. உரிமம் வந்த கிழமையே பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அழுதார்கள்.

யூன் 6

“அப்போது டேட்டா இலவசம்தானே, பிள்ளைகளுக்கு என்ன கரைச்சல்” என்று ஒருவர்.

பல்கலைக்கழகங்களுக்குத்தான் அது. லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழக சூம் வகுப்புக்கும் மூடில் போன்ற எல்எம்எஸ் தளங்களுக்கும் போன் நிறுவனங்கள் டேட்டா கழிக்காமல் விட்டன. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. நாங்கள் அந்த வலையமைப்பில் இல்லை. ஒரே வீட்டில் அக்கா கம்பஸில் படிக்கிறாள், டேட்டா போகாது. தங்கை எங்களிடம் படிக்கிறாள், அட்டை வாங்கிப் போடவேண்டும். தங்கையின் வகுப்புக்கு நான் யூரியூப் இணைப்பு அனுப்பினால் அந்த வீட்டில் அதற்கு ஒரு விலை. அதை நான் உணர மூன்று மாதம் எடுத்தது. பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே “இந்தக் கிழமைக்கு மொத்தம் இத்தனை எம்பி” என்று எழுதச் சொன்னேன். விரிவுரையாளர்களுக்கு முதலில் சிரிப்பு. இரண்டாம் தவணையில் யாருடைய பாடம் மெலிவு என்று போட்டியே வந்தது.

யூன் 9, இரவு

நண்பகல் கெடுவின் கதை. இது கொஞ்சம் நீளும்.

2020 மார்ச் 20 ஊரடங்கு. யாழ்ப்பாணத்தில் அது பல இடங்களை விட நீளமாக இழுத்தது. சித்திரையில் பாடங்களை மூடிலில் ஏற்றிவிட்டு, சரி, ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூம் வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து தலைகள் தெரிந்தன. வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தால் வகுப்பு நிறைந்துதான் தெரியும்.

ஒருநாள் அந்தப் பெடியன் போனில் சொன்னான்: “மிஸ், பங்கேற்பாளர் பக்கத்தைத் திறவுங்கோ. ‘கடைசியாக வந்த நேரம்’ என்ற நிரலின் தலைப்பில் ஒருக்கா அமத்துங்கோ.” அமத்தினேன். யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார்கள் என்று அடுக்கிக் காட்டியது. 3 மணித்தியாலம், 1 நாள், 6 நாள், 19 நாள். ஒரு முனையில் ‘நெவர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசை. ஒருபோதும் வரவில்லை. 9 பேர்.

அந்த 9 பெயரையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு போன் எடுத்தேன். நான் இணைப்பாளராக இருந்த மூன்று வருடத்தில் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருத்தி நெடுந்தீவு. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். இறங்குதுறைப் பக்கம் போனால் கிடைக்கும், ஆனால் பின்னேரத்தில் பெண்பிள்ளை தனியாக அங்கே போய் நிற்பதைத் தாய் விரும்பவில்லை. நான் தாயோடு கதைத்தேன். படிப்பைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். காலை 9 மணிக்கு என்றால் தானும் கூடப் போய் நிற்பதாகச் சொன்னார்.

ஒருவன் முல்லைத்தீவுக் கரையோரம். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், தமையனுடையது. தமையன் இரவில் கடலுக்குப் போவார், போனும் கூடப் போகும், அவசரத்துக்கு. விடியத்தான் கரைக்கு வரும். “மிஸ், போன் கடலில நிக்குது” என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு வெட்கமாக இருந்தது. நாங்கள் அவனுக்கு இரவு 7 மணிக்கு வகுப்பும் நள்ளிரவில் கெடுவும் வைத்திருந்தோம்.

இப்போது தெரிகிறதா, ஏன் நண்பகல்? மூன்று பேருக்காக வைத்தது. மற்ற 61 பேருக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை.

இன்னொருத்தி போனை எடுத்து, “நான் விலத்திட்டன் மிஸ், உங்கட ஒபீசுக்குச் சொன்னனான்” என்றாள். ஒபீஸ் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்படியும் உண்டு.

யூன் 10

நேற்று “மூன்று பேர்” என்று எழுதிவிட்டு இரண்டு கதைதான் சொன்னேன் என்று பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளையின் வீட்டு விஷயம் பொதுவில் எழுதக்கூடியதாக இல்லை. பகலில்தான் அவளுக்குப் போன் கிடைக்கும், அவ்வளவுதான்.

யூன் 13

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, “நீங்கள் சொல்வதெல்லாம் கருணை. தலைமைத்துவம் எங்கே? ஆய்வு ஏதாவது சொல்கிறதா?” என்கிறார். கோபமாகத்தான் கேட்கிறார், ஆனால் நியாயமான கேள்வி.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மைக்கேல் மூரின் கருத்து. தொலைக்கல்வியில் தூரம் என்பது மைல் கணக்கு இல்லை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் விளங்கிக்கொள்வதில் விழும் இடைவெளி என்கிறார். உரையாடல் குறையக் குறைய, பாடத்தின் சட்டகம் இறுக இறுக அந்த இடைவெளி கூடும். எங்கள் வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். நெடுந்தீவுப் பிள்ளை கிழமையில் இரண்டு கேள்வி எழுதுவாள். நல்லூரில், பைபர் இணைப்போடு, நிறுவனத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஒருவன் வருடம் முழுக்க ஒரு வரி எழுதவில்லை. யார் தூரத்தில் இருந்தது?

இரண்டாவது, 2020 மார்ச் 27 இல் சார்ல்ஸ் ஹொட்ஜஸும் இன்னும் நால்வரும் எழுதிய கட்டுரை. இடருக்குள் வகுப்பை அவசரமாக இணையத்தில் ஏற்றுவது வேறு, இணையவழிக் கல்வி என்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்றார்கள். முழுக்க இணையத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தைத் திட்டமிட்டு ஆயத்தப்படுத்த வழக்கமாக 6 முதல் 9 மாதம் பிடிக்கும் என்றும் அதில் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு. உங்களுக்கு இரண்டு மாதத்தில் ஒரு பட்டப்படிப்பு. தம்பி, உங்கள் தலைமைத்துவம் தொடங்கவேண்டிய இடம் அதுதான்: மேலே போய் “இரண்டு மாதத்தில் முடியாது, முதல் தவணைக்கு இரண்டு பாடம் மட்டும் தாருங்கள்” என்று சொல்வது. ஐடி தெரிந்த இளம் ஆளால் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போய்விடும். நரைத்த ஆள் ஒருவர் சொல்லவேண்டும்.

யூன் 13, இன்னும் கொஞ்சம்

கருணை என்று சொன்னது குத்துகிறது. நான் அதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். ஒரு பிள்ளை விலகினால் மூன்று தவணைக் கட்டணம் போகும். கணக்கியல்காரி அல்லவா.

யூன் 17

2022ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கொரோனாவை விட அதுதான் எனக்குப் பரீட்சை.

அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு ஊர்களைப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது வெட்டு என்று அட்டவணை வரும். நான் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த எழுத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு எக்செல்லில் போட்டேன். நிறம் தீட்டினேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் இருக்கிற ஒரு மணித்தியாலம் கிடைக்குமா என்று தேடினேன். இரவு 11க்குப் பிறகுதான் கிடைத்தது. கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், சிக்னலும் போகும், அது அட்டவணையில் வராது.

அன்றைக்கு நேரசூசியைத் தூக்கிப் போட்டோம். நேரலை வகுப்பே இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடக் குரல் பதிவு, இரண்டு பக்க நோட்ஸ், கிழமைக்கு ஒரு கேள்வி. இரண்டு வருடமாக நான் “நேரலைதான் உயிர்” என்று எல்லாரையும் நெருக்கியிருந்தேன். என் சொல்லை நானே கூட்டத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, “தொண்ணூறுகளில ஜாம் போத்தல் விளக்கில படிச்ச சனம், இதென்ன” என்றார். அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு, போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துப் படித்தது. எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டத்தில் அந்தக் கதை வந்தால் எனக்குப் பயம். “நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்” என்று அது முடிந்துவிடும். அன்று அவர் அப்படி முடிக்கவில்லை. விளக்கில் படித்தபோது எதை முதலில் படிப்பது என்று யாராவது சொல்லித் தந்திருந்தால் பாதி எண்ணெய் மிஞ்சியிருக்கும் என்றார். பாடத்திட்டத்தில் முக்கியமான ஆறு தலைப்பை அன்றிரவே அவர்தான் குறித்துத் தந்தார்.

யூன் 18

குரல் பதிவு என்றதும், “பதிவுசெய்ய மறுக்கும் விரிவுரையாளரை என்ன செய்தீர்கள்?” என்று மூன்று பேர்.

ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்று, பகுதிநேரமாக வந்தவர். “என் குரலை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் என்னை வேண்டாம் என்பீர்கள்” என்று நேரே சொன்னார். சும்மா பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவு யாருக்குச் சொந்தம் என்று எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதித் தாருங்கள் என்று நிர்வாகத்தைக் கேட்டேன், நான் விலகும்வரை வரவில்லை. அவரும் கடைசிவரை பதிவுசெய்யவில்லை. கையால் எழுதிய நோட்ஸைப் படம் பிடித்து அனுப்புவார் (48 எம்பிக்காரர் இவர்தான், பெடியன் பிறகு அதைச் சுருக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தான்). விடிய 6 மணியிலிருந்து போனில் யார் எடுத்தாலும் பதில் சொல்வார். அவருடைய பாடத்தில்தான் ஒருவரும் விலகவில்லை. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கவேண்டும் என்று நான் வைத்திருந்த படிவத்தை அவருக்கு மட்டும் வெறுமையாக விட்டு, கையெழுத்து மட்டும் வாங்கினேன்.

யூன் 18, பின்னேரம்

லண்டன் பரீட்சைக் கதையை ஒருவர் இழுத்துவிட்டார், நல்லது. நம்மவர்களுக்குத் தொலைக்கல்வி ஒன்றும் 2020இல் வந்ததில்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பட்டத்தைத் திறந்துவிட்டது. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியே லண்டன் பட்டத்துக்குத்தான் ஆயத்தப்படுத்தியது. எங்கள் அப்பப்பா லண்டன் மற்றிக்குலேசன், தபாலில் வந்த பாடக் குறிப்பு ஒரு றங்குப் பெட்டி நிறைய இருந்தது. 1980இலிருந்து திறந்த பல்கலைக்கழகம் அச்சுப் புத்தகமும் பிராந்திய நிலையமுமாக நடத்துகிறது, யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. நிறுவனத்தில் யாராவது “இது புதுத் துறை, முன்மாதிரி இல்லை” என்றால் நம்பாதீர்கள். அப்பப்பாவின் குறிப்புகளில் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிவப்பு மையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் திருத்தி எழுதியிருந்தார். கப்பலில் போய்த் திரும்பி வந்த தாள். எங்களிடம் மூடில் இருந்தும் சில விரிவுரையாளர்கள் ஒப்படைக்குப் புள்ளி மட்டும்தான் போட்டார்கள்.

யூன் 24

பணம். சுருக்கமாக. கணினிக்குக் கேட்டால் கிடைக்கும், திறப்பு விழாப் படம் எடுக்கலாம். ஆளுக்குக் கேட்டால் கிடைக்காது. அந்தப் பெடியன் இரவு 11 மணிக்குக் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்த வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு கேட்டு நான்கு கடிதம் எழுதினேன். அலுவலக நேரத்துக்குப் பிறகு அலுவலகத்தில் இருந்தால்தான் மேலதிகம், வீட்டில் இருந்து செய்தால் இல்லை என்று பதில். அவன் இப்போது கட்டாரில். என் தோல்விகளில் இதை முதலாவதாகப் போடுகிறேன்.

யூலை 1

தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து அவரேதான் இணைப்பாளர். ஐடி தெரிந்தவர் போதும் என்று சொன்ன அதே ஆள்! வாழ்த்துகள். “முதல் கிழமை ஒரே ஒரு அறிவுரை” என்று கேட்கிறார்.

ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் பிடியுங்கள், செவ்வாய் காலை 9 என்று வையுங்கள். அந்தக் கிழமைக்கான எல்லாமும் அப்போதுதான் வெளிவரவேண்டும், எந்தப் பாடமாக இருந்தாலும். நல்லூரில் பூசை நேரத்தை யாரும் போன் எடுத்துக் கேட்பதில்லை, யார் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடிக்கும். அதைப் போல. நாங்கள் இதைச் செய்த பிறகு எனக்கு வரும் வட்ஸ்அப் செய்தி பாதியாகக் குறைந்தது.

பிறகு, மூடிலில் அந்தக் ‘கடைசியாக வந்த நேரம்’ நிரல். வெள்ளிக்கிழமை தோறும்.

யூலை 2, காலை

ஒரு திருத்தம்.

‘நெவர்’ வரிசையில் 9 பேர் என்று எழுதியிருந்தேன். நேற்றிரவு தம்பிக்காகப் பழைய சீஆர் கொப்பியைத் தேடி எடுத்தேன். 11 பேர். பக்கம் மறிந்து மற்றப் பக்கத்தில் இரண்டு பெயர் இருந்தது, ஐந்து வருடமாக நான் இந்தக் கதையை 9 என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். ஒரு பெயருக்கு நேரே “எண் பிழை” என்று இருக்கிறது. மற்றப் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் “நாளைக்கு எடுக்க”. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.